வெள்ளைப் பொடி

நாறுகிறது. கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததிலிருந்து மூக்கை விட்டுப் போகாத நாற்றம், பிளீச்சிங் பவுடர் நாற்றம், மருந்து வாடையும் இல்லாமல் கக்கூஸ் வாடையும் இல்லாமல் இரண்டையும் கலக்கிக் கொடுத்த மாதிரி ஒன்று. கேட்டிலிருந்து எச்செம் ரூம், அதாவது தலைமையாசிரியர் ரூம் வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்திருக்கிறார்கள், கல்யாண வீட்டில்கூட இத்தனை அக்கறையாகக் கோலம் போடமாட்டார்கள். கோடு சாக்கடை ஓரமாகப் போகிறது, நேற்றுச் சத்துணவில் மிஞ்சிக் கொட்டிய சாம்பார் சாதத்தின் மேலே போகிறது, யாரோ துப்பிய வெற்றிலை எச்சில் மேலேயும் வளையாமல் போகிறது, பொடிக்கு அடியில் எல்லாம் அப்படியே இருக்கிறது, ஈக்குக்கூட அது தெரியும், மனிதனுக்கு மட்டும் தெரியக்கூடாது. பெரிய அதிகாரி வருகிறார். மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலே இருக்கிறவர், எங்கள் நகராட்சிப் பள்ளிக்கு வருகிறார், அதிலும் என் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து நான் இங்கிலீஷ் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். மத்தியானமாகிவிட்டது, நான் சாக்பீசும் கையுமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறேன், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தும்மக்கூட பயப்படுகிறார்கள், பலகையில் நான் எழுதிய ஒரே ஒரு வார்த்தை எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒயிட்டன்.

ஒயிட்டன், வினைச்சொல், வெள்ளையாக்குவது, அல்லது தானாகவே வெள்ளையாவது. பாடத்தில் வருகிற வார்த்தைதான், எச்செம் சௌந்தரபாண்டியன் சார் விரலை வைத்துக் காட்டினார், "இதையே எடுத்துக்குங்க டீச்சர், அர்த்தம், உபயோகம், நாலஞ்சு வாக்கியம், நாப்பது நிமிசம் ஓடிரும்." ஓடும், ஏன் ஓடாது. பல்லை ஒயிட்டன் செய்யலாம், சுவரைச் செய்யலாம், வேட்டியைச் செய்யலாம், வயசானால் தலைமயிர் ஒயிட்டன் ஆகும், என்னுடையது ஆகிவிட்டது, மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கறுப்பாக்குகிறேன், அதற்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு வார்த்தை போதும். நமக்கு அப்படி முடியாது, துணியை வெளுக்கவேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்கவேண்டும், அரிசியைத் தீட்டவேண்டும், பல்லைத் துலக்கவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குனிந்து நிமிரவேண்டும். கைடு புத்தகத்தில் முதல் வாக்கியமே வண்ணான் துணியை வெளுப்பாக்குகிறான் என்று இருந்தது, எழுதினவனுக்கு வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று என்ன கவலை, அதைப் படித்ததும் மூன்றாம் பெஞ்ச் பக்கம் எத்தனை கண் திரும்பும் என்று எனக்குத் தெரியும், அந்த வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பதில் ராஜா சுவரை வெள்ளையாக்குகிறான். எந்த ராஜா, எந்தச் சுவர், அதெல்லாம் யாருக்கு வேண்டும். நான் படித்த கன்னியர் பள்ளியில் திங்கட்கிழமைக்குக் கேன்வாஸ் ஷூ வெள்ளையாக இருக்கவேண்டும், ஞாயிறு சாயந்தரம் துவைத்தால் காயாது, எச்சிலைத் தொட்டு சாக்பீசால் தேய்ப்போம், பிரேயரில் நிற்கும்போது பளீரென்று இருக்கும், மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் பழைய அழுக்கு எட்டிப் பார்க்கும். உள்ளே ஈரத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து தோல் உரியும். சிஸ்டர் குனிந்து ஷூவை மட்டும் பார்ப்பார். அந்த உரிந்த தோலும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஊறிய பப்படம் மாதிரி. என் பெயர் வேறு அமலோற்பவம், மாசில்லாமல் பிறந்தவள் என்று அர்த்தம், காலையில் பூசிய பவுடர் கழுத்தில் வழிந்து கோடு கோடாக நிற்கிறது.

சன்னலில் எச்செம் தலை தெரிகிறது. "டீச்சர், வண்டி பைபாஸ் தாண்டிருச்சாம். பிள்ளைக கை விசயம் ஞாபகம் இருக்குல்ல?" இருக்கிறது சார். எப்படி மறக்கும், மூன்று நாளாக வேறென்ன சொல்லிக்கொடுத்தோம். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இன்ஸ்பெக்‌ஷனுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறோம், எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, எல்லா வாத்தியாருக்கும் தெரிந்தது. கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்கவேண்டும், ஒரு கைகூடக் கீழே இருக்கக்கூடாது. பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். பார்க்கிறவருக்குக் கை கையாகத்தான் தெரியும், ஆகா, என்ன வகுப்பு, என்ன வகுப்பு என்று எழுதிவிட்டுப் போவார். நானும்தான் பழக்கியிருக்கிறேன், சாக்பீஸைத் தட்டித் தட்டி, இடது எது வலது எது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. தினகரன் எப்போதும் வலது, முதல் ராங்க், வாக்கியத்தைத் தண்ணீராகக் குடித்து வைத்திருக்கிறான். தண்ணீராக. இந்த வார்த்தை எப்படி வந்து நுழைகிறது பார், நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன், வேறே எங்கேயாவது போகலாம் மனசு, வெள்ளிக்கிழமை சாயந்தர பஸ், திண்டுக்கல், மகள், மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு, வாரம் முழுக்க அவள் அங்கே நான் இங்கே ஒரு வாடகை ரூமில். போகமாட்டேன் என்கிறது. நாக்குப் புண்ணையே தடவிப் பார்க்கிற மாதிரி அந்தத் தொட்டிக்கே போய் நிற்கிறது.

போன வாரம் பேச்சிதான் கொண்டுவந்தாள். கடைசி பெஞ்ச், இங்கிலீஷில் தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதமாட்டாள், எப்போதும் இடது கை. உள்ளங்கையில் ஒரு இறகு, ஈரமாக, "டீச்சர், குழாய்ல இது வருது." மேலே கறுப்புத் தொட்டி, மூடி எப்போதோ காற்றில் போனது. வாட்ச்மேன் குருவையாவை ஏணி வைத்து ஏறச் சொன்னேன். ஏறிப் பார்த்தவர் தலைத்துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொண்டார். வாளியில் கீழே இறங்கியது ஒரு புறா, புறாவாக இருந்தது, இறகெல்லாம் கழன்று தோல் மட்டும் உப்பிப்போய். "பிடிச்சா பிடி நிக்கல டீச்சர், சவக்காரம் கணக்கா வழுக்குது." எத்தனை நாளாக ஊறியதோ, அத்தனை நாளும் அதே தண்ணீர் அதே குழாய், மத்தியானம் சோறு தின்றுவிட்டுக் கையைக் குவித்துக் குடித்த பிள்ளைகள், குடித்த கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டு வணக்கம் டீச்சர் என்று சொன்ன பிள்ளைகள். நான் குடிக்கவில்லை. நான் என் வாடகை ரூமிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறேன். எச்செம் ரூமில் கேன் தண்ணீர். அதை நினைத்தால் புறாவைவிட இதுதான் அருவருப்பாக இருக்கிறது, பாட்டிலை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுகாதாரம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறவள். தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள் சார் என்றேன். "தண்ணிய எல்லாம் கீழ விட்டா அய்யா வர்ற அன்னிக்குப் பாத்ரூமுக்கு என்ன செய்றது? நகராட்சித் தண்ணி எப்ப வருமோ. போட வேண்டியதப் போட்டுக்கலாம்." போட்டார்கள். பொடி மூட்டையை அவிழ்த்து அப்படியே கவிழ்த்தார்கள், குருவையா கம்பை விட்டுக் கலக்கினார், மேலே பழைய கோணிச்சாக்கைப் போட்டு மூடினார்கள். சாயந்தரம் எச்செம் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், "பாருங்க டீச்சர், எப்படிப் பளிச்சுன்னு இருக்கு." பளிச்சென்றுதான் இருந்தது. அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒன்று வட்டமாகச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் அந்த டம்ளரைக் குடிக்கவில்லை, சன்னல் வழியாக ஊற்றினார்.

பேச்சி பக்கத்து இடம் காலி. அது மாரீஸ்வரி இடம். நேற்று சாயந்தரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன், வெள்ளை விரிப்பு, வெள்ளை என்றால் என்றைக்கோ வெள்ளை, அதில் படுத்திருந்த பிள்ளையின் கண் இரண்டும் மஞ்சள், நகம் மஞ்சள், சிரித்தால் ஈறு மஞ்சள், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலும் வணக்கம் டீச்சர். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகாமல் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தில் பச்சையாக எதையோ கரைத்துக்கொண்டிருந்தாள், கீழாநெல்லி. பாத்திரத்துக்குள் சளக் சளக் என்று அந்தச் சத்தம். "டாக்டரு, தண்ணி எங்கம்மா குடிக்கிறான்னு கேக்காரு டீச்சர். வீட்ல கொதிக்க வச்சுத்தான் குடுக்கேன். பள்ளிக்கூடத்துல நல்ல தண்ணிதான?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற முகம் அது, டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற முகம். ம் என்றேன். ஆமாம் என்றுகூட இல்லை, ம். மாட்டுக்குக்கூட அதைவிடத் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியும். காமாலை புறாவால் வந்ததா, எங்கேயாவது குழாய் உடைந்து சாக்கடை கலந்ததா, எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்லை, ஆனால் அந்தத் தண்ணீரை என் மகள் குடிக்க நான் விடமாட்டேன், அது தெரியும், அது போதாதா. எச்செம் இன்று காலை பிரேயர் முடிந்ததும் எங்களை எல்லாம் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார், ரோட்டுக் கடையில் எதையாவது வாங்கித் தின்றிருக்கும், வேறொன்றுமில்லை. அப்புறம் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "டேங்க் பத்திக் கேட்டா சுத்தம் பண்ணியாச்சுன்னு சொல்லுங்க. கேக்கலைன்னா நீங்களா ஆரம்பிக்காதீங்க. உங்க டிரான்ஸ்பர் அவர் கையெழுத்துலதான் நிக்குது. நான் சொல்லி வாங்கித் தாரேன்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதில் சோறு என் தட்டுச் சோறு. வாயைத் திறந்தால் திண்டுக்கல் டிரான்ஸ்பர் கிடைக்காது, மகளோடு இந்த வருஷமும் இருக்கமுடியாது. திறக்காவிட்டால் நாளைக்கு மத்தியானமும் இந்தப் பிள்ளைகள் அந்தக் குழாய்க்குத்தான் போகும், தொட்டியை இனி யார் கழுவப்போகிறார்கள், அதிகாரி போனபிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு எவன் மேலே ஏறுவான். மாரீஸ்வரி இடத்தில் தூசி இருக்கிறது. எல்லா பெஞ்சையும் துடைத்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

வந்துவிட்டார். ஷூ சத்தம், பின்னாலேயே எச்செம் செருப்புச் சத்தம், சந்தன வாடை, வகுப்பு எழுந்து குட் ஆஃப்டர்நூன் பாடி உட்கார்கிறது. சின்னப் பையன் மாதிரி முகம், நான் எதிர்பார்த்த தொப்பையும் மீசையும் இல்லை, நெற்றியில் வியர்வை, ஷூ ஓரத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கிறது, பாவம், அதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார். கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குருவையா சீல் உடைக்காத பாட்டில் ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டுகிறார், எச்செம் தானே திறந்து கொடுக்கிறார். மடக் மடக்கென்று குடிக்கிறார் மனிதர், தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவது தெரிகிறது, வகுப்பே அதைப் பார்க்கிறது, பேச்சியும் பார்க்கிறாள். நான் நடத்துகிறேன். என் வாய் நடத்துகிறது. ஒயிட்டன், வெள்ளையாக்குதல். ராஜா சுவரை வெள்ளையாக்குகிறான். பால் காபியை வெள்ளையாக்குகிறது. பனி மலையை வெள்ளையாக்குகிறது, எந்த மலையை இவர்கள் கண்டார்கள், பக்கத்துத் திருச்சுழியைத் தாண்டாத பிள்ளைகள். என் குரல் எனக்கே வேறு யாரோ பக்கத்து வகுப்பில் நடத்துகிற மாதிரி கேட்கிறது, இனிமையாக, அந்த இனிமைதான் தாங்கமுடியவில்லை, சர்க்கரைப் பாகில் ஈ விழுந்த மாதிரி நான் அதற்குள் கால் உதைக்கிறேன். கையெல்லாம் சாக்பீஸ் தூள். எச்செம் கதவோரம் நின்று தலையாட்டுகிறார், அருமை, அருமை. அவர் சட்டை எத்தனை வெள்ளை. நீலம் போட்டுத்தான் அந்த வெள்ளை வரும், ஒரு சொட்டுக் கூடினால் காட்டிக்கொடுத்துவிடும், காலர் ஓரத்தில் லேசாக நீலம் நிற்கிறது.

அதிகாரி எழுந்தார். "வெரி குட். இப்ப நான் கேக்கிறேன். இந்த வார்த்தைய வச்சு ஆளுக்கொரு வாக்கியம். புக்ல இருக்கிறது வேண்டாம். உங்க வீட்ல, ஸ்கூல்ல, நீங்க பாத்த ஏதாவது. தமிழ்ல சொன்னாலும் சரி. யார் சொல்றீங்க?" கைகள் கிளம்பின. எல்லாக் கையும், ஒன்று பாக்கியில்லாமல். தினகரனின் வலது கைகூட நடுவழியில் நின்று இறங்கி இடதாக மேலே போனது, புத்தகத்தில் இருப்பது வேண்டாம் என்றால் அவனிடம் என்ன இருக்கிறது. இடது, இடது, இடது, அறை முழுக்க இடது கை, வலது ஒன்றுகூட இல்லை, யாரை எழுப்புவேன். நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. "அந்த லாஸ்ட் பெஞ்ச் பொண்ணு. நீ சொல்லும்மா." பேச்சி எழுந்தாள். பயத்தில் முழங்காலை பெஞ்சில் முட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள், அதிகாரி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். "சார், எங்க டேங்குல" என்றாள். கதவோரத்தில் எச்செம் தொண்டையைச் செருமினார், சாதாரணச் செருமல் இல்லை, நாயை விரட்டுகிற செருமல். அவள் வாய் நின்றுவிட்டது. எனக்கு எல்லாம் தெரிகிறது, அவள் மிச்சத்தைச் சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு உட்காருவாள், நாளைக்கு அவள் அப்பாவை வரச் சொல்வார்கள், டீசி கொடுத்து அனுப்பிவிடுவோம் என்பார்கள், பொய் சொல்கிற பிள்ளை என்பார்கள், படிக்காத பிள்ளை என்பது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. நான் அப்போதும் இந்த மேசைக்கு இந்தப் பக்கம் ம் என்று நிற்பேன். நானே ஒரு கணம் ஆசைப்பட்டேன், அதுதான் வெட்கக்கேடு, சொல்லிவிடட்டுமே இவள், நான் சொல்லாமல் விஷயம் வெளியே வந்துவிடுமே என்று. மறுபடியும் நாற்றம். புறா நாற்றமில்லை, பொடி நாற்றமில்லை, இது என் நாற்றம்.

கையைத் தூக்கினேன். வலது கையை. டீச்சர் கை தூக்குவதைப் பிள்ளைகள் பார்த்ததேயில்லை, யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்தினார்கள். "நீ உக்காரு பேச்சி. சார், அந்த வாக்கியத்தை நான் சொல்றேன்." இங்கிலீஷில்தான் சொன்னேன், பிழையில்லாமல். பிறகு பிள்ளைகளுக்கு விளங்கவேண்டுமே என்று தமிழிலும் சொன்னேன். புறா செத்து அழுகிக் கிடந்த தண்ணீரை நாங்கள் பிளீச்சிங் பவுடர் கொட்டி வெள்ளையாக்கினோம். தொட்டியைக் கழுவவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் இன்றைக்கும் குடித்தார்கள். ஒரு பிள்ளை காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அதோ அவள் இடம். சொல்லும்போது குரல் இனிமையாக இல்லை, என் குரலாக இருந்தது. திண்டுக்கல் பஸ் ஒன்று என்னை விட்டுவிட்டுக் கிளம்பிப் போவது போலிருந்தது, போகட்டும் என்று நினைக்கவில்லை, அய்யோ என்றுதான் நினைத்தேன். அதிகாரி கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார், மூடினார். எச்செம் முன்னால் வந்துவிட்டார். "சார், டீச்சருக்கு டிரான்ஸ்பர் லேட்டானதுல மனசு சரியில்ல. டேங்க் எல்லாம் சுத்தமா இருக்கு. அப்படி ஒண்ணும் நடக்கல சார்." அதிகாரி அவரைப் பார்க்கவில்லை, வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். "டீச்சர் சொன்னது நடந்ததுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?" கேள்வி. கேள்வி என்றால் என்ன செய்யவேண்டும் என்று மூன்று நாளாகப் பழக்கியிருந்தோம். பிள்ளைகள் எச்செம் முகத்தைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், பயந்துபோய்க் கையைத் தூக்கினார்கள், எல்லோரும், இடது கை, தெரியாது சார், எங்களுக்குத் தெரியாது சார் என்கிற அத்தனை இடது கை. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கே" என்றார் அதிகாரி. எச்செம் வாயைத் திறந்தார். அது இடது கை சார் என்று அவரால் சொல்லமுடியாது. எந்த வாயால் சொல்வார். திறந்த வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். "ஏணி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதிகாரி வெளியே நடந்தார், குருவையா அவருக்கு முன்னால் ஓடினார். பிள்ளைகள் கையை இறக்கச் சொல்லாததால் இன்னும் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் பேச்சி தூக்கியிருந்தது வலது கை.